சரியான விடை, தப்பான கணக்கு: பாதி வகுப்பு திரையில் இருக்கும்போது எப்படிப் பாடம் நடத்துவது?

கேள்வி (கொரோனா காலத்தில் பள்ளிகள் பாதிப் பாதியாகத் திறந்தபோது வந்தது): ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மொத்தம் 42 பிள்ளைகள். பெருந்தொற்றால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பள்ளியை இப்போது பாதிப் பாதியாகத் திறந்திருக்கிறார்கள். திங்கள், செவ்வாய் 21 பேர் வருகிறார்கள். வியாழன், வெள்ளி மற்ற 21 பேர். புதன்கிழமை எல்லோருக்கும் ஆன்லைன். போர்டுக்கு எதிரே போனை வைத்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே நேரத்தில் பாடத்தைக் காட்டும்படி தலைமையாசிரியர் சொல்கிறார். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ஓடவில்லை. யாரும் கேமராவை ஆன் செய்வதில்லை. ஆன்லைன் தேர்வில் எல்லோரும் 90க்கு மேல். நேரில் வந்தால் மைனஸ் குறி வந்தாலே திணறுகிறார்கள். ஆன்லைன் வெறும் கண்துடைப்பு என்று சக ஆசிரியர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள், இனிமேல் எல்லாம் இப்படித்தான் என்று மீதிப்பேர். எது சரி? நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தப் போன். முடிந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் பாடம் எடுப்பது நேர் வகுப்பையும் கெடுக்கும், ஆன்லைனையும் கெடுக்கும். போர்டுப் பக்கம் திரும்பினால் வீட்டுப் பிள்ளைக்குக் குரல் போகாது. போனைப் பார்த்துப் பேசினால் எதிரில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் கவனம் போகாது. வகுப்பில் ஒரு பிள்ளை முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்கும் கேள்வி வீட்டில் யாருக்கும் கேட்காது. ஆனால் நீங்கள் சொல்லும் பதில் மட்டும் கேட்கும். கேள்வி இல்லாத பதிலைக் கேட்டுக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எத்தனை நிமிடம் உட்காரும்?

ஆன்லைனா நேர் வகுப்பா என்ற சண்டையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஆன்லைனில் ஆசிரியரின் பேச்சு பெரிதாகக் குறைவதில்லை. குறைவது அவருடைய பார்வை. வகுப்பில் நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போது, கேட்காமலே இருபது நோட்டுகள் உங்கள் கண்ணில் படுகின்றன. திரையில் படுவதெல்லாம் விடை மட்டும். கணக்கில் விடை பொய் சொல்லும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்று பார்ப்போம்: 12 − 3 × (5 − 7). அடைப்புக்குள் −2, அதை 3ஆல் பெருக்கினால் −6, 12இலிருந்து −6ஐக் கழித்தால் 18. சரி. இப்போது ஒரு பிள்ளை இடமிருந்து வலமாகப் போய் முதலில் 12 − 3 = 9 என்று போட்டுவிடுகிறது. அடைப்புக்குள்ளும் சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று திருப்பிக் கழித்து 2 என்று எழுதுகிறது. 9 × 2 = 18. இரண்டு தப்பு, சரியான விடை. சாட்டில் 18 என்று தட்டினாலும், ஆன்லைன் படிவத்தில் 18 என்று போட்டாலும் டிக்தான் விழும். உங்கள் தேர்வில் 90 வாங்கியவர்கள் எல்லோரும் பார்த்து எழுதியவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். சிலர் இந்த வகையாகவும் இருக்கலாம்.

கணக்கை 14 − 3 × (5 − 7) என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 20. வரிசை மட்டும் தப்பினால் −22. இரண்டும் தப்பினால் 22. இப்போது விடையே தப்பைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் 8 என்று வந்தால்? 5 − 7ஐ 2 என்று எடுத்த பிள்ளைக்கும் 8 வரும், 14 − (−6)இல் இரண்டு மைனஸையும் ஒன்றாக்கிவிட்ட பிள்ளைக்கும் 8 வரும். முதல் பிள்ளைக்கு எண்கோட்டில் கழித்தலை மறுபடி காட்ட வேண்டும்; இரண்டாவது பிள்ளைக்குக் குறியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். நோட்டைப் பார்க்காமல் இரண்டு பேரையும் பிரிக்க வழியில்லை. ஆகவே இனி நீங்கள் போடும் திட்டம் எதுவானாலும், இந்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் போட்ட வழிமுறை ஒரு தடவையாவது உங்கள் கண்ணில் படுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சக ஆசிரியர்களின் வாதத்துக்கு வருகிறேன். 2020இல் நெதர்லாந்தில் பள்ளிகள் மூடியிருந்தது 8 வாரம்தான். அனேகமாக எல்லா வீட்டிலும் நல்ல இணையம் உள்ள நாடு அது. மூடுவதற்கு முன்னும் திறந்த பின்னும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எழுதிய தேர்வுகளை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. வீட்டிலிருந்த நாட்களில் அவர்கள் புதிதாகக் கற்றது மிகக் குறைவு அல்லது ஒன்றுமே இல்லை, அதிலும் படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு கூடுதல் என்று அதில் வந்தது. நெட் நன்றாக இருந்தால் போதும் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போகிறது. அதற்காகத் தூரத்திலிருந்து கற்பிப்பதே வீண் என்றும் ஆகாது. 1937இல் போலியோ பரவியபோது சிகாகோவில் பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரேடியோவில் 15 நிமிடப் பாடங்கள் நடத்தினார்கள். பாட அட்டவணையும் குறிப்புகளும் அன்றன்று செய்தித்தாளில் அச்சாயின. சந்தேகம் கேட்க டெலிபோனில் ஆசிரியர்கள் இருந்தார்கள். சிறிய பாடம், கையில் ஒரு தாள், கேட்க ஓர் ஆள்: இன்றைக்கும் இந்த மூன்றில் எதை விட்டாலும் வீட்டுப் படிப்பு நிலைக்காது. நாம் பெரும்பாலும் பாடத்தை நீட்டிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

உங்கள் வாரத்தை இப்படிப் பிரியுங்கள். புதிய கருத்தை நேரில் மட்டும் சொல்லுங்கள்: முதல் அணிக்குத் திங்கள், இரண்டாம் அணிக்கு வியாழன். ஆம், ஒரே பாடத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டும். இரண்டாவது தடவை நிச்சயம் நன்றாக வரும். திங்கட்கிழமை எங்கே மாட்டினார்கள் என்று வியாழக்கிழமை தெரிந்திருக்குமே. செவ்வாயும் வெள்ளியும் பயிற்சிக்கும் திருத்தத்துக்கும் மட்டும். வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் பயிற்சித்தாள். புதன் ஆன்லைனில் புதிதாக எதுவும் வேண்டாம்.

புதனில் ஒரு சிக்கல் உண்டு, கவனியுங்கள். முதல் அணி அந்த வாரப் பாடத்தை முடித்திருக்கும், இரண்டாம் அணி இன்னும் தொட்டிருக்காது. அந்த வாரக் கணக்கைக் கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். எனவே புதன்கிழமைக் கேள்விகள் எப்போதும் போன வாரப் பாடத்திலிருந்தே இருக்கட்டும். முதல் அணிக்கு அது ஒரு வார இடைவெளி விட்ட மறுபார்வை ஆகிவிடும். கற்றவுடன் கேட்பதைவிடச் சற்று மறந்த பிறகு கேட்பதில்தான் மனதில் நிற்கிறது.

நேர் வகுப்பின் 45 நிமிடத்தில் நீங்கள் பேசுவது 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பதால் பெஞ்சில் குனிந்து நோட்டைப் பார்க்க முடியாது என்பதுதான் இப்போதைய தொல்லை. அதற்குச் சிலேட்டு போதும். சிலேட்டு இல்லாவிட்டால் ஏ4 தாளும் தடித்த ஸ்கெட்ச் பேனாவும். கணக்கைச் சொல்லி, இரண்டு நிமிடம் விட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விடையை மட்டும் தூக்கினால் பழைய கதைதான். "இரண்டாவது வரியைக் காட்டு" என்று கேளுங்கள். மேலே உள்ள கணக்கில் இரண்டாவது வரி 14 − 3 × (−2) என்று இருக்க வேண்டும். 11 × என்று தொடங்கும் சிலேட்டுகளும், 14 − 3 × 2 என்று எழுதிய சிலேட்டுகளும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். 21 சிலேட்டைப் பார்த்து முடிக்க அரை நிமிடம் ஆகும்.

ஜன்னல், கதவு எல்லாம் திறந்தே இருக்கட்டும். வெளிச்சத்தம் அதிகம், முகக்கவசம் வேறு, அதனால் தொண்டை கட்டும். சொல்வதை அரைவாசி போர்டில் எழுதிவிட்டால் கத்த வேண்டியதில்லை.

வீட்டுப் பயிற்சித்தாளில் ஆறு கணக்கு போதும். முதல் இரண்டும் முழுதும் போட்டுக் காட்டியவை. அடுத்த இரண்டில் பாதி வரிகளை எழுதி, மீதிக்குக் கோடு விடுங்கள். கடைசி இரண்டும் தானாகப் போட வேண்டியவை. இருபது கணக்கு கொடுத்தால் முதல் கணக்கில் செய்த தப்பை இருபது தடவை செய்து, அதையே பழக்கமாக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதை அழிப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

தாளோடு ஒரு சிறிய வீடியோ அனுப்பலாம். 6 நிமிடத்துக்குள் முடியுங்கள். எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் தங்கும் நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் விருப்பப்பட்டு வந்து சேர்ந்தவர்கள். உங்கள் பிள்ளைகள் அப்படியல்ல. முகம் தெரிய வேண்டாம், எழுதும் கை தெரிந்தால் போதும். மேசையில் இரண்டு பக்கமும் சுமார் 30 செ.மீ. உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு பலகை வைத்து, போனின் கேமரா மட்டும் பலகையின் விளிம்புக்கு வெளியே வரும்படி கிடத்துங்கள். படுக்கைவாக்கில் வைத்த ஏ4 தாள் பெரும்பாலும் அடங்கிவிடும். ரெக்கார்டிங்கைப் போனை நேராகப் பிடித்துத் தொடங்கிவிட்டு அப்புறம் கிடத்துங்கள். கிடத்திய பிறகு தொடங்கினால் எந்தப் பக்கம் மேல் என்று போனுக்குத் தெரியாமல் படம் தலைகீழாகப் பதிவாகலாம். வலது கையால் எழுதுபவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், கை நிழல் எழுத்தின் மேல் விழாது. பால்பாயிண்ட் பேனா வேண்டாம். எழுத்து 1 செ.மீ. உயரத்துக்குக் குறைந்தால் சின்னப் போனில் படிக்க முடியாது. ஏரோபிளேன் மோடு போட மறக்காதீர்கள், நடுவில் அழைப்பு வந்தால் எல்லாம் போச்சு.

டேட்டா கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நொடிக்கு 600 கிலோபிட் எடுக்கும் வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்தில் 270 எம்பி தின்னும். ஒலி மட்டும் என்றால் 80 கிலோபிட்டில் 36 எம்பி. தாளின் படமும் 6 நிமிட வாய்ஸ் மெசேஜும் சில எம்பியில் முடியும். ஒரே போனில் இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இதுதான் வகுப்புக்கு வருவதா வராமலிருப்பதா என்பதை முடிவு செய்கிறது. அந்தப் போனும் பகலில் பெற்றோரோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே பயிற்சியை மாலை 4 மணிக்குள் அனுப்பு என்றெல்லாம் கெடு வைக்காதீர்கள். மறுநாள் இரவு வரை விடுங்கள். போனே இல்லாதவர்களுக்கு நேரில் வரும் நாளில் அடுத்த இரண்டு தாளையும் கையில் கொடுத்துவிட்டால் ஆயிற்று.

திரும்பி வரும் படங்களில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். ஆறு கணக்கையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் போன் நிரம்பும், மூன்றாம் நாள் நீங்களே பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். ஐந்தாவது கணக்கை மட்டும் கேளுங்கள். ஒரே படம், மேலே பெயரும் ரோல் நம்பரும், ஜன்னலோரம் வைத்து எடுத்தது, எல்லா வரியும் தெரிய வேண்டும். குழுவில் போட வேண்டாம், உங்களுக்குத் தனியாக. குழுவில் போட்டால் முதலில் வந்த படம் இருபது நோட்டில் ஏறிவிடும். ஒரு நாளைக்கு 21 படம், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணி நேரத்தில் முடியும். முழுதும் திருத்திக் கொடுக்காதீர்கள். தப்பு தொடங்கிய முதல் வரியை வட்டமிட்டு, "இந்த வரியை மறுபடி பாரு" என்று அனுப்பினால் போதும். நீங்கள் திருத்தியதைப் பிள்ளை பார்த்து எழுதும். வட்டம் போட்டதை யோசிக்கும்.

புதன் ஆன்லைன் 30 நிமிடம். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். டேட்டா ஒரு காரணம், போன் சூடாகி நின்றுபோவது ஒரு காரணம், பின்னால் தெரியும் வீட்டை வகுப்புக்குக் காட்டக் கூசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். முகம் தெரிந்தாலும் அவன் கணக்குப் போடுகிறானா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வருகையைக் கேமராவை வைத்து எடுப்பதைவிட, முதல் கேள்விக்கு வந்த பதிலை வைத்து எடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் நான்கு பேரை மட்டும் கேமராவை நோட்டைப் பார்த்துக் கவிழ்த்து வைக்கச் சொல்லலாம். முகம் தெரியாது, வீடு தெரியாது, கை தெரியும். இதற்கு மறுக்கும் பிள்ளைகள் குறைவு. மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சாட்டில் பதில் வாங்கும்போது, "தட்டி வையுங்கள், நான் சொன்ன பிறகு அனுப்புங்கள்" என்று பழக்குங்கள். இல்லாவிட்டால் முதலில் வரும் விடையை மற்ற நாற்பது பேரும் திருப்பி எழுதுவார்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். நேர் வகுப்பிலேயே ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் கண்டு சொன்னார். திரையில் குரல் தாமதமாகப் போகும், பிள்ளை மியூட்டை எடுக்க வேண்டும், அதற்குமேல் வெட்கத்தை விட வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் பாரமாக இருக்கும், பிள்ளைகளுக்கு இல்லை.

தலைமையாசிரியர் நேரலையை விடவே முடியாது என்றால், சேதத்தைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் 12 நிமிடம் இரு தரப்புக்கும் சேர்த்து. பிறகு வீட்டில் இருப்பவர்களைத் தாளில் வேலை செய்யச் சொல்லித் துண்டித்துவிட்டு, கடைசி 5 நிமிடத்துக்கு மறுபடி வரவழையுங்கள். போர்டு முழுவதும் எழுதாமல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் 7 அல்லது 8 செ.மீ. எழுத்தில் எழுதினால், இரண்டு மீட்டர் தள்ளி வைத்த போனில் தெளிவாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் போர்டில் பளிச்சென்று அடிக்காத பக்கமாகக் கட்டம் இருக்கட்டும். சட்டையில் மாட்டும் சின்ன மைக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போனில் உள்ள மைக்கே போதும். அதே அறையில் இன்னொரு போனும் இணைப்பில் இருந்தால் அதன் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூவல் சத்தம் காதைப் பிளக்கும். வகுப்புப் பிள்ளை கேட்கும் எந்தக் கேள்வியையும் நீங்கள் ஒரு தடவை திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லுங்கள். சாட்டைப் பார்க்கும் வேலையை வகுப்பில் ஒரு பிள்ளையிடம் முறைவைத்துக் கொடுத்துவிடுங்கள்.

அந்த 90 மதிப்பெண்ணைப் பொருட்படுத்த வேண்டாம், பிள்ளைகளைத் திட்டவும் வேண்டாம். மூடிய வீட்டுக்குள் எழுதும் தேர்வைக் காவல் காக்க முடியாது. அதற்குப் பதில் ஒவ்வொருவரிடமும் 3 நிமிட வாய்மொழி: அவர் அனுப்பிய கணக்கில் ஒரு வரியைக் காட்டி, "இங்கே மைனஸ் ஏன் பிளஸ் ஆயிற்று?" என்று கேளுங்கள். பார்த்து எழுதியவருக்கு விடை தெரியும், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. 42 பேருக்கு 126 நிமிடம். இரண்டு வாரத்தில் பரப்பினால் பெரிய சுமையில்லை. அடுத்தடுத்து மூன்று தாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுங்கள். ஏன் அனுப்பவில்லை என்று தொடங்காதீர்கள். போன் எப்போது கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட பயம்: போர்ஷன். ஒரே பாடத்தை இரண்டு தடவை எடுத்தால் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதிதான் முடியும். ஒப்புக்கொண்டு, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்வது நல்லது. இல்லாவிட்டால் வருடக் கடைசியில் இருப்பது தானாக விடுபடும். அடுத்த வருடக் கணக்கு எதன் மேல் நிற்கிறதோ அதை விடாதீர்கள்: முழுக்கள், பின்னம், தசமம், விகிதம், இயற்கணிதத்தின் தொடக்கம். விளக்கப்படங்களையும் சமச்சீர்மையையும் வீட்டுத்தாளுக்குத் தள்ளலாம். கவராயமும் கோணமானியும் வேண்டிய வரைவுகளைப் பள்ளி முழுதாகத் திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தலைமையாசிரியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வார அனுமதி மட்டும் கேளுங்கள். தொடங்கும் முன் இரு அணிக்கும் அவரவர் நேரில் வரும் நாளில், வழிமுறையோடு எழுதும்படி ஐந்து கணக்கு கொடுத்துத் தாளை வாங்கி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணை மட்டும் மாற்றி அதே ஐந்தைக் கொடுங்கள். இரண்டு தாள்கட்டுகளையும் அவர் மேசையில் வையுங்கள், புரட்டிப் பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும்.